காப்பீட்டு அட்டையா, தாலுகா மருத்துவமனையா: நிதி சுருங்கும்போது எதை முதலில் காப்பது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்காகத் தமிழ்நாடு அரசு யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்துடன் 2022 ஜனவரியில் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் காலம் 2027 ஜனவரியோடு முடிகிறது. அதை அப்படியே புதுப்பிப்பதா, கேரளத்தைப் போல அரசே நேரடியாக நடத்துவதா, அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அரசு மருத்துவமனைகளுக்குத் திருப்புவதா என்ற கேள்விக்குச் சென்னையில் கோப்புகளில்தான் விடை எழுதப்படும். ஆனால் அந்த விடையின் பாரம் குழித்துறையிலும் குளச்சலிலும் பூதப்பாண்டியிலும் காலை ஏழு மணிக்கே புறநோயாளிச் சீட்டுக்காக வரிசையில் நிற்பவர்கள் மேல் இறங்கும். ஆகவே கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே நோயும் மருந்தும் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

நிதி நெருக்கடி என்பது இங்கே வெறும் கற்பனை அல்ல. 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, ஒவ்வொரு மாநிலமும் தன் வரவுசெலவில் 8 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்கு ஒதுக்க வேண்டும் என்றது. பதினைந்தாவது நிதிக்குழுவும் அதையே வலியுறுத்தியது. தமிழ்நாடு 2025-26ஆம் ஆண்டில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். தொகையாகப் பார்த்தால் பெரியது. மொத்தச் செலவின் பங்காகப் பார்த்தால் ஏறத்தாழ 5 விழுக்காடு. அதே ஆண்டுக்கு மதிப்பிடப்பட்ட வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி ரூபாய். இப்படி வரவைச் செலவு மிஞ்சி நிற்கும் அரசிடம் புதிதாகக் கேட்பதைவிட, இருப்பதில் எதைத் தொடக் கூடாது என்று கேட்பதே பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

பணம் தாராளமாக இருக்கும்போது எல்லா வழிகளும் நல்லவையாகவே தோன்றும். காப்பீடும் இருக்கட்டும், மருத்துவமனையும் வளரட்டும், வீடு தேடியும் மருந்து வரட்டும் என்று சொல்லிவிடலாம். ஆகையால் எந்த வழி சிறந்தது என்ற கேள்வியைச் சற்று மாற்றி, பத்துக்கு ஒன்பதுதான் கிடைக்கும் என்ற ஆண்டில் ஒவ்வொரு வழியும் எந்த இடத்தில் ஒடியும், ஒடிந்தது முதலில் யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். அப்படிக் கேட்டபோதுதான் எனக்கே சில எண்ணங்கள் மாறின.

முதலில் இப்போது உள்ள காப்பீடு. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியபோது, ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒரு லட்சம் ரூபாய் என்பதே வரம்பு. 2012 ஜனவரியில் இப்போதைய பெயருக்கு மாறி ஆண்டுக்கு ஒரு லட்சமானது. 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட பின் ஆண்டுக்கு ஐந்து லட்சம் என்று உயர்ந்தது. 2022 ஒப்பந்தத்தின்படி ஒரு குடும்பத்துக்கு ஆண்டுப் பிரீமியம் 849 ரூபாய். குடும்பங்கள் ஏறத்தாழ 1.37 கோடி. பெருக்கிப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 1,160 கோடி ரூபாய் வருகிறது. அதிலும் ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ள குடும்பங்களுக்கான செலவில் ஒரு பங்கை ஒன்றிய அரசு தருகிறது.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை, காப்பீடுதான் அரசு மருத்துவமனைகளின் பணத்தை உறிஞ்சுகிறது என்று நானும் நம்பியிருந்தேன். 21,906 கோடியில் 1,160 கோடி என்பது இருபதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். போதாக்குறைக்கு, அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் இணைக்கப்பட்டிருப்பதால், ஆசாரிப்பள்ளத்து மருத்துவக் கல்லூரியில் காப்பீட்டில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தால் அந்தத் தொகை அரசு மருத்துவமனைக்கே வந்து சேர்கிறது. எனவே காப்பீட்டை நிறுத்தினால் மருத்துவமனைகள் செழித்துவிடும் என்று மேடையில் சொல்வது சரியான பேச்சல்ல.

குமரி மாவட்டத்தில் இந்த அட்டைக்குத் தனி மதிப்பும் உண்டு. அட்டை எங்கே செல்லுபடியாகுமோ அங்கே மருத்துவமனை ஒன்று நின்றால்தான் அதற்கு விலை. இந்த வகையில் நம் மாவட்டம் பேறு பெற்றது. திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்திலேயே, 1838இல், லண்டன் மிஷன் நெய்யூரில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. எவரெஸ்ட் சிகரம் ஏற முயன்ற குழுவில் இருந்த சாமர்வெல் பிற்காலத்தில் அங்கே பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்ததை எங்கள் பாட்டி தலைமுறை கதையாகச் சொல்லும். வடசேரியில் சால்வேஷன் ஆர்மியின் கேதரின் பூத் மருத்துவமனையும் நூறாண்டைத் தாண்டியது. இவற்றின் வழியில் வந்த மருத்துவமனைகளும் பின்னர் எழுந்த தனியார் மருத்துவமனைகளுமாக நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் வரை சாலையோரம் நிறைந்திருக்கின்றன. இதய அறுவை சிகிச்சை, மூட்டு மாற்று, சிறுநீரகச் சுத்திகரிப்பு என்று ஒரு குடும்பத்தின் நிலத்தையும் நகையையும் விழுங்கக்கூடிய செலவுகளிலிருந்து அட்டை காப்பாற்றியவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் காப்பீடு வீண் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அட்டையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேசத் தொடங்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கோ, மருத்துவர் எழுதித்தந்த ரத்தப் பரிசோதனைக்கோ, ஆட்டோக் கூலிக்கோ அது உதவாது. இந்தியக் குடும்பங்கள் தம் கையிலிருந்து செய்யும் மருத்துவச் செலவில் பெரும்பங்கு இந்தப் புறநோயாளிச் செலவும் மருந்துச் செலவும்தான். 2021-22ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கணக்குப்படி நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்கள் கைப்பணம். ஐந்து லட்சம் என்ற வரம்பை நாளை பத்து லட்சமாக உயர்த்தினாலும் இந்தப் பங்கு பெரிதாகக் குறையாது, ஏனென்றால் அந்தச் செலவு நடக்கும் இடத்துக்கே அட்டை வருவதில்லை.

வருமான வரம்பு இரண்டாவது சிக்கல். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் வருமானம் இருக்க வேண்டும் என்பது விதி. ஆண்டில் முந்நூறு நாள் வேலை என்று வைத்தால், நாளொன்றுக்கு 400 ரூபாய்தான் வருகிறது. கேரளத்தை ஒட்டிய இந்த மாவட்டத்தில், வேலை கிடைக்கிற நாளில் ஒரு கொத்தனாரின் கூலியோ ரப்பர் பால் வெட்டுபவரின் கூலியோ அதைவிட அதிகம். மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுவிடும், கடலில் காற்று மாறினால் படகு கரையிலேயே கிடக்கும் என்பதால் அவர்களுடைய வருமானம் நாளுக்கு நாள் வேறு. ஆனால் கிராம நிர்வாக அலுவலரின் சான்றிதழில் ஒரே எண்தான் எழுத முடியும். உண்மையைச் சொன்னால் அட்டை கிடைக்காது, அட்டை வேண்டுமானால் உண்மையைச் சற்று வளைக்க வேண்டும் என்ற நிலைக்கு உழைக்கும் மக்களைத் தள்ளும் விதி நல்ல விதியாக இருக்க முடியாது. வளைகுடாவில் மகன் வேலை செய்கிறான் என்பதற்காக வசதியானவர்கள் என்று கருதப்படும் குடும்பங்கள் பலவற்றில், அவன் அனுப்பும் பணம் வீட்டுக் கடனுக்கும் தங்கையின் கல்யாணக் கடனுக்கும் போய்விடுகிறது என்பதும் இங்குள்ளவர்களுக்குத் தெரியும்.

மாநில எல்லையும் நமக்கு ஒரு தடை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் எழுபது கிலோமீட்டர்கூட இல்லை. மதுரையோ அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். பெரிய நோய் என்றால் திருவனந்தபுரம் போவது 1956 நவம்பர் 1ஆம் தேதி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் மாறாத பழக்கம். இன்று புற்றுநோய் என்றால் அங்குள்ள மண்டலப் புற்றுநோய் மையம், மூளை, நரம்பு என்றால் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம். ஒன்றிய அரசின் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு அட்டை நாடு முழுவதும் செல்ல வேண்டும் என்பது ஆயுஷ்மான் பாரத்தின் விதி. ஆனால் தன் பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று அறியாமலேயே, களியக்காவிளையைத் தாண்டி ஆம்புலன்ஸில் போகிறவர்கள்தான் அதிகம். புதிய ஒப்பந்தம் எந்த வடிவில் வந்தாலும், குமரிக்காரர்களுக்குத் திருவனந்தபுரத்தின் பொதுத்துறை மருத்துவ நிறுவனங்களில் செல்லும்படி இரு மாநிலங்களும் எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்வது அவசியம். இதற்கு ஆகும் செலவு சிறிது. நம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் பயனோ பெரிது.

இரண்டாவது வழியும் அந்த எல்லைக்கு அப்பால்தான் இருக்கிறது. கேரளம் 2019இல் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தை முதலில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மூலம் நடத்தியது. 2020 ஜூலை முதல் மாநில நலவாழ்வு முகமை என்ற அரசு அமைப்பை ஏற்படுத்தி, இடையில் நிறுவனம் இல்லாமல் மருத்துவமனைகளுக்குத் தானே பணம் கொடுக்கத் தொடங்கியது. இதில் காப்பீட்டு நிறுவனத்தின் நிர்வாகச் செலவும் லாபமும் மிச்சமாகும். எந்த மாவட்டத்தில் எந்தச் சிகிச்சை அதிகம் நடக்கிறது என்ற விவரம் அரசின் கையிலேயே இருக்கும். தேவையற்ற அறுவை சிகிச்சைகளைத் தணிக்கை செய்யவும் வழி உண்டு. பணம் போதுமான அளவு இருந்தால், காப்பீட்டு நிறுவனத்தைவிட இதுவே மேல் என்பது என் எண்ணம்.

ஆனால் நாம் கேட்டது பணம் போதாத ஆண்டைப் பற்றி. காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டிவிட்டால், ஆண்டின் நடுவில் சிகிச்சைகள் பெருகினாலும் அந்தச் சுமை நிறுவனத்தினுடையது. அரசே கொடுக்கும் முறையில் அந்த அதிர்ச்சி நேராகக் கருவூலத்தின் மேல் விழுகிறது. கருவூலம் தள்ளிப்போடத் தொடங்கினால் மருத்துவமனைகளுக்கு நிலுவை ஏறும். கேரளத்தில் தனியார் மருத்துவமனைகள் நிலுவை குறித்துப் பல முறை முறையிட்டதும், ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ திட்டத்தின் நிலுவைக்காக மருத்துவமனைகள் சேவையை நிறுத்தியதும் நாம் செய்திகளில் படித்தவையே. அப்போது நோயாளியின் கையில் அட்டை இருக்கும், கவுண்டரில் "இப்போது எடுப்பதில்லை" என்ற பதில் இருக்கும். இதோடு இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: கேரளம் ஏழை நோயாளிகளுக்கான காருண்ய நிதிக்கு லாட்டரி வருமானத்தைத் திருப்பியது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. அந்தத் தடை சரியானது என்றே நான் கருதுகிறேன். பாறசாலைக்கு அப்பால் கடைதோறும் தொங்கும் சீட்டுகளை வாங்கிக் கூலிப்பணத்தைத் தொலைத்தவர்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. ஆனால் கேரளத்தின் முறையை எடுத்துக்கொள்வோம் என்று சொல்பவர்கள், அதற்கான தனி வருவாய் இங்கே எங்கிருந்து வரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி, பணத்தை அரசு மருத்துவமனைகளுக்கே நேரடியாகக் கொடுப்பது. இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் சட்டமன்றத்தில் யாரும் வாக்களிக்காமலேயே வெட்டு விழும் இடம் இதுதான்.

காப்பீட்டுப் பிரீமியம் ஓர் ஒப்பந்தத் தொகை. 849 ரூபாய் என்று கையெழுத்திட்ட பின் எழுநூறுதான் தருவேன் என்று நிதித்துறை சொல்ல முடியாது. ஓய்வூதியமும் வட்டியும்கூட அப்படியே. எதைத் தள்ளிப்போட்டால் யாரும் நீதிமன்றம் போக மாட்டார்கள், எந்த நிறுவனமும் நோட்டீஸ் அனுப்பாது என்று தேடினால், தாலுகா மருத்துவமனையில் ஓய்வுபெற்ற மயக்க மருந்து நிபுணரின் இடம் கிடைக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வக நுட்பநர் இடம் கிடைக்கிறது. நிரந்தரச் செவிலியருக்குப் பதிலாகத் தொகுப்பூதியச் செவிலியர் கிடைக்கிறார். காலிப் பணியிடம் என்பது அறிவிக்கப்படாத வெட்டு. வரவுசெலவு அறிக்கையில் அது குறைப்பு என்று வராது; ஆண்டு முடிவில் "திருத்திய மதிப்பீடு" என்ற பத்தியில் மிச்சமாக வரும். மகப்பேறு அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து நிபுணர் இல்லாத நாளில், கர்ப்பிணி 108 ஆம்புலன்ஸில் ஆசாரிப்பள்ளத்துக்கு அனுப்பப்படுவார். ஆசாரிப்பள்ளத்தில் கூட்டம் கூடும். அங்கே கூட்டம் என்று காப்பீட்டு அட்டையோடு தனியார் மருத்துவமனைக்குச் செல்வார்கள். அடுத்த ஒப்பந்தத்தில் பிரீமியம் ஏறும். இப்படி ஒரு பக்கம் மிச்சம் பிடித்தது மறுபக்கம் கூடுதல் செலவாக வெளியேறுகிறது.

மருந்திலும் இதே கதைதான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கப்பட்டு, மருந்துகளை மொத்தமாக ஒப்பந்தப்புள்ளியில் வாங்கி மாவட்டக் கிடங்குகளின் வழியாக விநியோகிக்கும் முறையை நாட்டுக்கே வழிகாட்டியாக அமைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் எழுதப்பட்ட தொகைக்குள் கிடங்கிலிருந்து மருந்து எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் நோயாளிகள் பெருகும் வேகத்துக்கு அந்தத் தொகை ஏறாவிட்டால், மாதம் முடியும் முன்பே சில மருந்துகள் தீர்ந்துபோகும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்து கோடிக்கும் மேல் என்று 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. முதியோர் மிகுந்த, பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற நம் மாவட்டத்தில் அதன் பாரம் எப்படி இருக்கும் என்று ஊகிக்கக் கடினமில்லை.

திங்கள்நகர் பக்கத்தில் என் சித்தி தனியாக இருந்தார். ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் அரசு மருத்துவமனை ஒன்றில் மாதாமாதம் மாத்திரை வாங்கி வந்தார். ஒரு முறை அழுத்த மாத்திரை இல்லை. "மக்களே, மருந்து வரல்லேண்ணு சொல்லியாச்சு, வெளிய வாங்கணுமாம்" என்று போனில் சொன்னார். மாதம் முந்நூறு ரூபாய்க்குள் முடிகிற மாத்திரைதான். நான் வாங்கித் தருகிறேன் என்றேன், அவரும் சரி என்றார், அடுத்த வாரம் மருத்துவமனையில் வந்துவிடும் என்று காத்திருந்துவிட்டார். ஏழெட்டு வாரத்துக்குப் பிறகு ஒரு விடியற்காலையில் வலது கையும் காலும் விழுந்தன. பக்கவாதத்துக்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது என்றாலும், மருந்து இடைவிட்டது முக்கியமான காரணம் என்று பார்த்த மருத்துவர் சொன்னார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடக்கூடிய நாலரை மணி நேரம், சி.டி. ஸ்கேன் உள்ள இடத்தைத் தேடுவதிலேயே கழிந்தது. அதன் பின் தனியார் மருத்துவமனையில் பத்து நாள். அந்தச் செலவைக் காப்பீட்டு அட்டை ஏற்றது. அரசு முந்நூறு ரூபாய் மாத்திரையில் மிச்சம் பிடித்து, பிரீமியத்தின் வழியாக அதைப் பல நூறு மடங்காகக் கொடுத்தது. அதற்காக எனக்கு யார் மேலும் கோபமில்லை. கிடங்கில் இருந்தவரும் மருந்தகத்தில் இருந்தவரும் தங்களிடம் இருந்ததைக் கொடுத்தார்கள். ஆனால் அந்த மாத்திரை எந்த வரவுசெலவு விவாதத்திலும் வெட்டப்பட்டதாகப் பதிவாகவில்லை என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய பிறகு சித்திக்கு உதவியது மக்களைத் தேடி மருத்துவம் திட்டம். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். இயன்முறை மருத்துவரும் வலி தணிப்புச் செவிலியரும் படுக்கையில் கிடப்பவர்களைத் தேடி வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் பணிக்குழு விருதும் இதற்குக் கிடைத்தது. அட்டை செல்லாத இடத்துக்கு இந்தத் திட்டம் செல்கிறது. பேச்சிப்பாறை அணைக்கு அப்பால் காணி மக்களின் குடியிருப்புகளுக்குப் போக நீரைப் படகில் கடக்க வேண்டும். அங்கே உள்ளவருக்கு ஐந்து லட்சத்துக்கான அட்டையைவிட, மாதம் ஒருமுறை படகில் வருகிற செவிலியர்தான் மருத்துவம். தூத்தூர் பக்கத்து ஆண்கள் கொச்சியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் திரும்பாத போது, வீட்டில் உள்ள வயதான தாய்க்கும் தந்தைக்கும் இந்தத் தன்னார்வலர்தான் முதல் மருத்துவ முகம். ஆனால் இந்தத் திட்டத்தின் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. தன்னார்வலருக்குக் கிடைப்பது மதிப்பூதியம், சம்பளம் அல்ல. நெருக்கடி ஆண்டில் ஓர் ஆணை போதும், அவருடைய பகுதி இரட்டிப்பாகும், வருகை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆகும். இதுவும் அறிவிக்கப்படாத வெட்டுதான்.

நான்காவதாக ஒரு வழி அவ்வப்போது காதில் விழுகிறது: அரசு மருத்துவமனையில் வசதியுள்ளவர்களிடம் கட்டணம் வாங்கலாம் என்பது. சில பெரிய அரசு மருத்துவமனைகளில் கட்டண அறைகள் ஏற்கனவே உள்ளன. அந்த அளவில் அது இருக்கட்டும். சீட்டுக்கும் பரிசோதனைக்கும் கட்டணம் என்று வந்தால் முதலில் விலகுவது வசதியுள்ளவரல்ல, நோய் முற்றும் வரை காத்திருக்கக்கூடிய முந்திரி ஆலைத் தொழிலாளிப் பெண்தான். இதை மேலும் ஆராயத் தேவையில்லை.

இப்போது என் தீர்ப்பைச் சொல்கிறேன். காப்பீட்டைக் கைவிடக் கூடாது. ஆனால் 2027 முதல் அதன் வரம்பை உயர்த்துவது, பட்டியலில் மேலும் தனியார் மருத்துவமனைகளைச் சேர்ப்பது போன்றவற்றுக்குப் புதிய பணம் எதையும் தரக் கூடாது. 849 ரூபாய் கணிசமாக ஏறுமானால், அந்தக் கூடுதலை ஏற்பதற்கு முன், தாலுகா மருத்துவமனைகளிலேயே முடிக்கக்கூடிய குடலிறக்கம், கருப்பை நீக்கம், குடல்வால் போன்ற சிகிச்சைகளை, அங்கே நிபுணர் இருக்கும்பட்சத்தில், அரசு மருத்துவமனைக்கு மட்டும் என்று ஒதுக்கலாம். அப்போது பிரீமியத்தின் ஒரு பகுதி மாநிலத்துக்குள்ளேயே, மருத்துவமனைக் கணக்குக்கே திரும்பும். முழுக்க கேரள முறைக்கு மாறுவதற்கு நம் கருவூலம் இன்று தயார் இல்லை. சிறு தொகைச் சிகிச்சைகளை அரசே நேரடியாகவும் பெரிய தொகைச் சிகிச்சைகளை நிறுவனத்தின் மூலமாகவும் நடத்தும் கலப்பு முறையை இரண்டு மூன்று மாவட்டங்களில் முயலலாம். அதில் குமரி ஒன்றாக இருக்கலாம், ஏனென்றால் இங்கே அரசும் தனியாரும் மிஷன் மருத்துவமனைகளும் அருகருகே இருப்பதால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

வெட்டுவது தவிர்க்க முடியாத ஆண்டில் என் வரிசை இது. முதலில் புதிய கட்டடங்களைத் தள்ளிப்போடலாம். ஆளில்லாத கட்டடத்தால் யாருக்கும் காய்ச்சல் குறையாது. அடுத்து காப்பீட்டு வரம்பின் உயர்வை நிறுத்திவைக்கலாம். அதன் பின்னும் போதாவிட்டால் விளம்பரச் செலவையும் விழாச் செலவையும் தொடலாம். மருத்துவப் பணிகள் கழகத்தின் மருந்துத் தொகை, தாலுகா மருத்துவமனைகளின் நிபுணர் பணியிடங்கள், வீடு தேடிச் செல்லும் செவிலியர் ஆகிய மூன்றையும் கடைசி வரை தொடக் கூடாது. இந்த வரிசைக்கு எதிராக நியாயமான ஒரு வாதம் உண்டு: காப்பீட்டை இறுக்கினால், இதய நோயால் இன்றே மேசையில் கிடக்கும் ஒருவரின் உயிரைவிட நாளைய பக்கவாதத்தைப் பெரிதாக மதிக்கிறோமா என்பது. அதனால்தான் உள்ள வரம்பைக் குறைக்கச் சொல்லவில்லை, உயர்வை மட்டுமே நிறுத்தச் சொல்கிறேன். ஆனால் நாளைக்குப் பக்கவாதம் வரப்போகிறவருக்கு இன்று முகமும் பெயரும் இல்லை என்பதற்காக அவருடைய பங்கை எடுத்துவிடுவதும் அநீதியே.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சிறு காரியம் நடக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது மக்கள் நல்வாழ்வுத் துறை சட்டமன்றத்தில் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்றைத் தருகிறது. காப்பீட்டில் பயன்பெற்றவர்களின் எண்ணிக்கையும் தொகையும் அதில் விரிவாக இருக்கும். அதே குறிப்பில், குழித்துறை, குளச்சல், பூதப்பாண்டி, தக்கலையில் உள்ள பத்மநாபபுரம் என்று மாநிலத்தின் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் அனுமதிக்கப்பட்ட நிபுணர் இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, ஆண்டில் எத்தனை நாள் எந்த மருந்து கையிருப்பில் இல்லை என்ற மூன்று பத்திகளைச் சேர்க்க வேண்டும். நம் மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர்களில் எவராவது ஒருவர் வரும் கூட்டத்தொடரில் எழுந்து இதைக் கேட்டால், அன்று மாலையே அந்தப் பட்டியலைப் படிக்க இங்கே பலர் காத்திருக்கிறோம்.